எந்தப் பக்கம் கனம்

தங்கை பலூப்பி தன்னைத் தாண்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்பதில் வர்த்தினிக்கு எந்த வருத்தமும் இல்லை. அவள் வருத்தப்படவில்லையே என்பதுதான் மற்றவர்களுக்கு வருத்தமாக இருந்தது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் பெண், அதுவும் கல்யாணம் ஆகாதவள், தங்கை முந்திக்கொண்டு போகும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு சொட்டுக் கண்ணீராவது விட்டிருக்க வேண்டும். அவளோ கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த கூடத்தில், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

பேச்சை நடத்தியவர் பெரியப்பா ஹர்ஜோனோ. செத்துப்போன அப்பாவின் அண்ணன். ஜாவாவில் கிளாத்தேன் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். அப்பா போன பிறகு அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முதல் நாற்காலி அவருடையது. விசேஷம் இல்லாத நாள்களில் அந்த நாற்காலி பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதற்காக அவரைக் கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு நேரத்துக்கு வந்துவிடுவார்.

"சரி வர்த்தினி, தங்கச்சி உன்னத் தாண்டிப் போறா. வழக்கப்படி நீ ஏதாவது கேக்கணும். கூச்சப்படாத. நல்ல பாத்திக் துணியா? மோதிரமா?" என்று கேட்டார்.

அக்காவைத் தாண்டிப் போகிற தங்கை அக்கா கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். கொடுக்காமல் தாண்டினால், தாண்டியவளின் குடும்பம் தட்டுத்தடுமாறும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பயம். பெரும்பாலான அக்காக்கள் தலை முதல் கால்வரை ஒரு ஜோடி உடுப்பு கேட்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் தங்கம் கேட்பார்கள். ஒருத்தி ஸ்கூட்டர் கேட்டதாகவும் கேள்வி.

வர்த்தினி கையிலிருந்த தோலைத் தட்டில் போட்டாள். "துணி வேணாம் பெரியப்பா. எனக்கு மடி வேணும்."

"எந்த மடி?"

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் உக்கார வச்சு நிறுத்துப் பாக்கிற மடி. அன்னைக்கு அப்பா இடத்துல நான் உக்காந்துக்கறேன்."

கல்யாணத்தன்று நடக்கிற சடங்கு அது. மணமேடையில் அப்பா உட்கார்ந்திருப்பார். வலது தொடையில் மாப்பிள்ளை, இடது தொடையில் பெண். அம்மா முன்னால் வந்து, எந்தப் பக்கம் கனம் என்று கேட்பாள். இரண்டும் சமம் என்று அப்பா சொல்வார். வந்த மருமகனும் பெற்ற மகளும் இந்த வீட்டுக்கு ஒன்றுதான் என்று அதற்கு அர்த்தம். அரை நிமிஷச் சடங்குதான். ஆனால் அந்த அரை நிமிஷம்தான் ஒரு தகப்பன் ஊரறியத் தகப்பனாகிற நேரம். அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா உட்காருவார், மாமா உட்காருவார். அக்கா உட்கார்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

பெரியப்பா தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் குடிக்காமலே மூடினார். "பொம்பள மடியில மாப்பிள்ளையா? ஊர் சிரிக்குமே."

"சிரிச்சா சிரிக்கட்டும். கல்யாண வீடு தானே."

"வெளையாடாத. மாப்பிள்ளையோட அப்பா முஸ்தபா மார்க்கம் தெரிஞ்சவர். பொண்டாட்டியோட அக்கா மாப்பிள்ளைக்கு அந்நியப் பொம்பள. கை படவே கூடாதும்பார். நீ மடியிலயே ஏத்தணும்ங்கற."

வர்த்தினி இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். "நிக்காவுல பொண்ணக் கையப் புடிச்சுக் குடுக்கிற உரிமை உங்களோடது. அது மார்க்கம். அதப் பத்தி நான் வாயத் தொறந்தேனா? மடி மார்க்கத்துல இல்ல பெரியப்பா. அது நம்ம ஜாவாக்காரங்க வழக்கம். தாண்டுறவகிட்ட அக்கா கேக்கறதும் நம்ம வழக்கம். ஒரு வழக்கத்த வச்சு இன்னொரு வழக்கத்தக் கேக்கறேன். நிக்கா, மடி ரெண்டையும் நீங்களே வச்சுக்கணுமா?"

மணப்பெண் அலங்காரத்துக்கு அமர்த்தியிருந்த பங்கெஸ்தியும் அன்று வந்திருந்தாள். கனத்த உடம்பு; அந்த வட்டாரத்தில் சடங்கு வரிசை அவள் சொல்வதுதான். மணப்பெண்ணின் நெற்றியில் கறுப்பு மை தீட்டுவதற்கு முன்னால் வெள்ளைச் சோறு மட்டும் தின்று விரதம் இருக்கிறவள் என்பதால், பெரியப்பாகூட அவளிடம் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்.

"தொடக் கூடாதுங்கறதுதான கவலை? நடுவுல ஒரு தலகாணி வச்சுட்டாப் போச்சு" என்றாள் பங்கெஸ்தி. "மாப்பிள்ளை உக்கார்றது தலகாணி மேல. தலகாணி யாருக்கும் அந்நியம் இல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்காமல் அம்மா பக்கம் திரும்பினார். "சுமினா, நீ என்ன சொல்ற?"

அம்மா சுமினா கதவோரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் வீட்டு வாசலில் வேகவைத்த கீரையும் கடலைச் சட்னியும் விற்பவள். யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்பாள். பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வாள். அப்பா உயிரோடிருந்தவரை அந்த வீடு அப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

"நீங்க சொன்னாச் சரிங்க அண்ணே" என்றாள் அம்மா. குனிந்த தலை நிமிரவில்லை. "எனக்கென்னங்க தெரியும். தாண்டப்படறவ மனசு கோணி, நாளைக்குப் பலூப்பிக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, ஊர்ல உங்களத்தான கேப்பாங்க. அத நெனச்சாத்தான் எனக்குச் சங்கடமா இருக்கு."

பெரியப்பா சிறிது நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "சரி, சரி. அப்படியே செஞ்சுடலாம்" என்றார்.

அந்த மண்ணில் 'சரி' என்பதற்குப் பல ரகங்கள் உண்டு. ஆகட்டும் என்கிற சரி. காதில் விழுந்தது என்கிற சரி. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது மரியாதையில்லை, ஆகவே இதோடு விட்டுவிடுவோம் என்கிற சரி. பிறந்ததிலிருந்து இதையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு ரகம் பிரிப்பது கஷ்டமில்லை. வர்த்தினிக்கும் ஒரு காலத்தில் கஷ்டமாக இருந்ததில்லை. ஆனால் பள்ளி முடித்த கையோடு பொயோலாலி சாலையிலிருக்கிற தையல் தொழிற்சாலைக்குப் போனவள், இப்போது ஒரு தையல் வரிசைக்கே தலைவி. அங்கே முடியுமா என்று கொரியாக்கார மேலாளர் கேட்டு, முடியும் என்று சொல்லிவிட்டால், சாயங்காலத்துக்குள் சட்டை பெட்டியில் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்தச் சரியோடு வாழ்ந்து அவள் காது கெட்டுப்போயிருந்தது. பெரியப்பாவின் சரியை அவள் அப்படியே நம்பினாள். அம்மா நம்பியிருக்க மாட்டாள். அம்மா அதைச் சொல்லவும் இல்லை.

பலூப்பி சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி. பேச்சு நடந்த மறுநாள் வேலை முடிந்து வந்ததும் வெள்ளைச் சீருடையை மாற்றாமல் பின்கட்டுக்கு வந்தாள். வர்த்தினி அங்கே கல்யாணச் சமையலுக்கு வந்த வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேற ஏதாவது கேக்கக் கூடாதா?"

"ஏன், மடிக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்ல. மாமனார் அந்தப் பக்கம் உக்காந்திருப்பார். கட்டிக்கப் போறவருக்கு வேற வெக்கம் ஜாஸ்தி. மொத நாளே நான் புடிவாதக்காரி வீட்டுப் பொண்ணுன்னு பேர் வாங்கணுமா?"

"ஏற்கெனவே வாங்கியிருப்ப. நாலு பிரசவம் பாத்துட்டு ராத்திரி தனியா வண்டி ஓட்டிட்டு வர்றவள அந்த வீட்டுல என்ன பதுமைன்னா சொல்றாங்க?"

"அது வேலை அக்கா. இது சடங்கு." பலூப்பி ஓர் இலையை எடுத்து நரம்பைக் கிழித்தாள். "சடங்குல நான் குனிஞ்சுதான் போகணும். அவர் காலக் கழுவப் போறேன். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலையே. ஒரு நாள் குனிஞ்சுட்டா மிச்ச நாள் நிமுந்து இருக்கலாம். அம்மா அப்படித்தான இருந்தா?"

இதில் தப்புக் கண்டுபிடிக்க வர்த்தினிக்குத் தெரியவில்லை. பலூப்பி அம்மாவின் வழி. சரிங்க என்று குனிந்துகொண்டே தனக்கு வேண்டியதை நடத்திக்கொள்கிறவள். வர்த்தினிக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. அவளைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு பேர் வந்தார்கள், அவள்தான் வேண்டாம் என்றாள். கூடப் படித்தவர்கள் குழந்தை பெற்றுக்கொண்டிருந்த வருஷங்களில் அவள் பலூப்பிக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே ஆலைக்குப் போனாள். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒரு வீட்டை நடத்துவது பிடித்திருந்தது.

"உனக்கு அவமானமா இருக்கும்னா சொல்லிடு" என்றாள். "பெரியப்பாவே உக்காரட்டும்."

"அவமானம்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

 பலூப்பி கிழிந்த இலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். வர்த்தினிக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் வலித்தது. தான் கேட்டது யாருக்கு வேண்டும் என்கிற சந்தேகம் வந்துவிட்டது. தனக்கு வேண்டும். அது நிச்சயம். அந்த அரை நிமிஷம் ஊர் தன்னைப் பார்க்க வேண்டும், இந்தப் பெண்ணை வளர்த்தவள் இவள் என்று தெரிய வேண்டும். தெரியாமல் போனால் செத்துவிடப்போவதில்லை. ஆனால் இதற்குமேல் கேட்பதற்கு அவளுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தாண்டும் சடங்கு நடந்தது. மல்லிகைச் சரத்தை மேலே போட்டுக்கொண்டு பலூப்பி அக்காவின் முன்னால் மண்டியிட்டு, மனப்பாடம் செய்திருந்த மரியாதைப் பேச்சில் தாண்டிப் போக அனுமதி கேட்டாள். நடுவில் ஒரு வார்த்தை மறந்துபோய்த் திக்கினாள். வர்த்தினி எடுத்துக் கொடுத்தாள். "போம்மா. நல்லா இரு. எம் மேல பழியில்ல, உம் மேல பழியில்ல" என்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"கேட்டது குடுத்தாச்சா?" என்று பங்கெஸ்தி வழக்கப்படி சத்தமாகக் கேட்டாள்.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்றார் பெரியப்பா. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் துருவலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கல்யாணத்தன்று மழை வரவில்லை. நிக்கா காலையிலேயே முடிந்துவிட்டது. பெரியப்பா குரல் நடுங்காமல் பெண்ணைக் கொடுத்தார். நன்றாகவே செய்தார் என்று வர்த்தினி மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். மதியத்துக்குமுன் பந்தல் நிறைந்துவிட்டது. அவளுடைய வரிசையில் தைக்கிற பெண்கள் ஒரே நிறத்தில் உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா முஸ்தபா, கறுப்புத் தொப்பி, நிமிர்ந்த முதுகு. வாலிபர்கள் தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் தேநீரும் பலகாரமும், பிறகு சூப், பிறகு சோறு, கடைசியில் ஐஸ். ஐஸ் வந்துவிட்டால் எழுந்து போய்விட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் சடங்கு முடிகிறவரை ஐஸை வெளியே விடக் கூடாது என்று சமையல்கட்டில் பங்கெஸ்தி சொல்லி வைத்திருந்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வெற்றிலைச் சுருளை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். மாப்பிள்ளை குணார்த்தோ முட்டையை மிதித்து உடைத்தான். பலூப்பி குனிந்து அவன் காலைக் கழுவினாள். அவள் எழும்போது நெற்றி மை வியர்வையில் கலையாமலிருக்கப் பங்கெஸ்தி விசிறியோடு ஓடினாள். குணார்த்தோ கை கொடுத்து அவளை எழுப்பினான். நல்ல பையன்தான், அப்பாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கை கொடுத்தான்.

வர்த்தினி மேடையின் ஓரத்தில், புதுச் சட்டையும் இறுக்கிக் கட்டிய பாத்திக்கும் உடுத்தி, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சிவப்புப் பட்டு உறை அவளே தைத்தது. அடுத்து மடிச் சடங்கு என்று ஒலிபெருக்கிக்காரர் யாருக்கும் புரியாத உயர்நடை ஜாவா மொழியில் நீட்டி முழக்கி அறிவித்தார். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் பெரியப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவசரமில்லாமல், சடங்குக்காகச் செருகிய இடுப்புக் கத்தியை முதுகுப் பக்கம் சரிசெய்துகொண்டு, இதற்கென்றே தைத்த கறுப்பு அங்கியின் ஓரத்தை நீவிவிட்டு, உரிமைக்காரர் உட்காருவதுபோல உட்கார்ந்தார். வர்த்தினி பக்கம் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். மகளே, நீ புரிந்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல இருந்தது அந்தத் தலையசைப்பு. அன்று அவர் சொன்னது எந்த ரகச் சரி என்று வர்த்தினிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபத்தைவிட முதலில் வெட்கம்தான் வந்தது. ஒரு ஜாவாக்காரி, இந்த வயதில், ஒரு சரியை நம்பித் தலையணை தைத்திருக்கிறாள்.

இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பந்தல் நிறைய ஆள் இருக்கும்போது சத்தம் போடுகிறவள் அந்த ஊரில் ஏழு தலைமுறைக்குத் தலை நிமிர முடியாது. அவள் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள். தலையணையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆலைப் பெண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலூப்பியும் குணார்த்தோவும் பெரியப்பாவின் தொடைகளில் உட்கார வைக்கப்பட்டார்கள். மைக்கை அம்மாவின் வாயருகில் நீட்டினார்கள். அம்மா கேட்க வேண்டும். கேட்டால் முடிந்துவிடும்.

அம்மா கேட்கவில்லை.

இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கிக்காரர் மெல்ல எடுத்துக் கொடுத்தார். அம்மா தலையை ஆட்டினாள், சரிங்க என்றாள், கேட்கவில்லை. பெரியப்பா நெளிந்தார். இரண்டு பேர் கனம். அவருக்கும் வயது குறைவில்லை. சமையல்கட்டு வாசலில் ஐஸ் தட்டுகளோடு நின்ற வாலிபர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டும் சமம்" என்றார் பெரியப்பா, யாரும் கேட்காமலே.

அம்மா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். பெரியப்பாவுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "உங்களக் கேக்கலைங்க அண்ணே" என்றாள். குரலில் தேன் வழிந்தது. பிறகு மேடையோரம் திரும்பி, "வர்த்தினி, எந்தப் பக்கம்மா கனம்?" என்று கேட்டாள்.

பந்தலில் கரண்டிச் சத்தம்கூட நின்றது.  இத்தனை வருஷத்தில் அம்மா யாருக்கும் நேருக்கு நேர் மறுப்புச் சொல்லி வர்த்தினி பார்த்ததில்லை. இப்போதும் சொன்னதாகச் சொல்ல முடியாது. சரிங்க என்று சொல்லிவிட்டுக் கேள்வியை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருக்கிறாள்.

"தெரியலம்மா" என்றாள் வர்த்தினி. "எம் மடியில இன்னும் யாரும் உக்காரலையே."

ஆலைப் பெண்கள் பக்கமிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் பலூப்பி பெரியப்பாவின் இடது தொடையிலிருந்து எழுந்துவிட்டாள். யாரும் எழச் சொல்லவில்லை. இறுக்கிக் கட்டிய துணியில் குட்டிக் குட்டியாக அடியெடுத்து வைத்து மேடையோரம் வந்து, அக்காவின் கையிலிருந்த தலையணையை வாங்கினாள். அங்கே பெரியப்பாவின் ஒற்றைத் தொடையில் தனியாக உட்கார்ந்திருந்த குணார்த்தோ, தன் நிலைமை தெரிந்து துள்ளி எழுந்தான். இப்போது முன்வரிசையும் சிரித்தது.

பெரியப்பாவின் காது மடல் சிவந்தது. ஆனால் அவர் அத்தனை வருஷம் குமாஸ்தாவாகச் சும்மா இருந்துவிடவில்லை. விழுகிற இடத்தில் பாய் விரித்துக்கொள்ளத் தெரிந்தவர். எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் விழும்படி, "வாம்மா, வா. நாற்காலி ஆடுதா இல்லையான்னு உக்காந்து பாத்தேன்" என்றார். பந்தலே கைதட்டியது. அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும், தானே முன்னின்று வர்த்தினியை உட்கார வைத்ததாகத்தான் அவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

வர்த்தினி உட்கார்ந்தாள். பங்கெஸ்தி மடியில் தலையணையை வைத்து அழுத்தினாள். பலூப்பி இடது பக்கம் உட்கார்ந்தாள். கொண்டையில் குத்திய பூவும் ஊசியும், உடம்பும், துணியும் எல்லாமாகச் சேர்த்து அப்படியே போட்டு உட்கார்ந்தாள். வர்த்தினியின் தொடை எலும்பு நோகிற அளவுக்குக் கனம். குணார்த்தோ வலது பக்கம் உட்கார்ந்தான்.

அம்மா இரண்டாம் தடவை கேட்டாள். "எந்தப் பக்கம்மா கனம்?"

சமம் என்று சொல்லிவிடலாம். அதைத்தான் சொல்ல வேண்டும். யாரும் தராசு கொண்டு வரப்போவதில்லை. ஆனால் வர்த்தினியின் வலது தொடையில் ஒன்றுமே இல்லை. தலையணை அமுங்கக்கூட இல்லை. பையன் முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடிக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் கால் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. கண் அப்பாவின் மேலே இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

இப்படித்தான் முடிக்கப் பார்க்கிறார்கள் என்று வர்த்தினி நினைத்தாள். உட்காராமலே உட்கார்ந்தது, கொடுக்காமலே கொடுத்தது. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"தங்கச்சி பக்கம்தாம்மா கனம்" என்றாள்.

பந்தல் திடுக்கிட்டது. அப்படி ஒரு பதிலை எந்த மேடையிலும் யாரும் சொன்னதில்லை. பங்கெஸ்தி விசிறியை நிறுத்தினாள். வர்த்தினி சத்தம் உயர்த்தாமலே மீதியையும் சொன்னாள். "மாப்பிள்ளை இன்னும் உக்காரல."

குணார்த்தோவின் கழுத்து வரைக்கும் வியர்த்தது. முன்வரிசையைப் பார்த்தான். முஸ்தபா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்தார். அது வேண்டுமென்றே குனிந்ததா, இல்லையா என்று அப்புறம் ஊரில் ரொம்ப நாள் பேசினார்கள். குனிந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை.

பலூப்பி அக்காவின் முகத்துக்குக் குறுக்கே புருஷன் பக்கம் சாய்ந்தாள். நெற்றிமை அக்காவின் கன்னத்தில் ஒட்டியது. தலை குனிந்துதான் இருந்தது, குரலும் புது மனைவியின் மரியாதைக் குரல்தான்.

"உக்காருங்க" என்றாள். "எல்லாத்தையும் போட்டு உக்காருங்க. அக்கா தாங்குவா. இத்தன நாள் வேற யாரு தாங்கினாங்கன்னு நெனச்சீங்க?"

அவன் உட்கார்ந்தான். தலையணை அமுங்கியது, நாற்காலி முனகியது, வர்த்தினியின் வாயிலிருந்து 'ஹம்' என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது கனத்தால் மட்டும் வந்தது இல்லை. இரண்டு கைகளாலும் இரண்டு இடுப்புகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சமம்மா" என்றாள்.

எழுந்துகொள்ளலாம் என்று பங்கெஸ்தி சொன்னாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். வர்த்தினி கையை எடுக்கவில்லை. ஐஸ் உருகுகிறது என்று சமையல்கட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். உருகட்டும் என்றாள் அம்மா.